பலகையில் நின்றுபோன எண்

அளவு நிலையம்
செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? அண்ணியின் இருமல் நின்றதா? இரண்டுக்கும் பதில் எழுது, ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறந்துவிடாதே.

வந்து இரண்டு மாதம் ஆகிறது, இடத்தைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை. ஆறு கடலில் கலக்கும் வாயில் ஒரு மணல்திட்டு. அதன் ஓரத்தில் ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் ஒற்றை அறைதான் என் நிலையம். தரைப்பலகை இடுக்கில் தண்ணீர் தெரியும். மதியம் கொஞ்சம் படுத்தால் முதுகுக்குக் கீழே கடல் நகர்வது கேட்கும். அரைத் தூக்கத்தில் தண்ணீர் நின்றுவிட்டது, அறைதான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். எழுந்து ஜன்னலில் கரை அதே இடத்தில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் தேநீர் போடுவேன்.

கைபேசி இங்கே வெறும் கடிகாரம். கரைக்குப் போகும் ஒரே இணைப்பு எண்களை மட்டும்தான் சுமக்கும், பேச்சை ஏற்காது. அதனால்தான் கடிதம். திட்டைத் தாண்டி அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரர் வாரம் இரண்டு முறை என் ஏணியடியில் நிறுத்தி, அரிசி காய்கறியோடு தபாலையும் தருவார். எல்லாரும் அவரைச் சுக்கான் மாமா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

நீ அனுப்பிய குறிப்பைப் பார்த்து அனுப்புகிற புரோகிராமை எழுதி முடித்துவிட்டேன். குழாய்க்குள் கிடக்கும் மிதவை ஏறி இறங்குவதை வைத்து, திட்டின் மேல் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் என்று என் பெட்டி கணக்கிடும். அதை உன் ஆபீஸ் புரோகிராமுக்கு, சாக்கெட் என்கிற கணினி இணைப்பு வழியே அனுப்பும். நேற்று சோதனைக்காக 'மூன்று' என்ற எண்ணை மட்டும் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அது தண்ணீர் மேல் நடந்து போவது தெரியும் என்பதுபோல ஜன்னலில் நின்று பார்த்தேன்.

வந்து சேர்ந்ததா?

உன் தங்கை,
வாலு

*

செப்டம்பர் 15

அன்புள்ள வாலுக்கு,

அம்மா படியேறுகிறாள், இறங்கும்போதுதான் திட்டுகிறாள். அண்ணிக்கு இருமல் போய்விட்டது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று இருவரும் கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

உன் மூன்று வந்தது. ஐந்து கோடியே மூன்று லட்சத்து முப்பத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டாக வந்தது.

நீ பயப்பட வேண்டாம். ஓர் எண் சாக்கெட்டில் போகும்போது நான்கு பைட்டாகப் போகிறது. நான்கு சின்னப் பெட்டிகள் என்று வைத்துக்கொள். உன் பழைய இயந்திரம் பெரிய மதிப்புள்ள பெட்டியை முதலில் அனுப்புகிறது. என்னுடையது சின்னதுதான் முதலில் வரும் என்று நினைத்துப் படித்தது. கடைசிப் பெட்டியில் இருந்த உன் மூன்று தலைப்பெட்டிக்குப் போய், கோடிகளாகிவிட்டது. சாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது. போட்டதைப் போட்ட வரிசையில் கொண்டுவந்து கொட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கமும்தான் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். உன் வரிசைக்கு என் பக்கத்தை மாற்றிவிட்டேன். இப்போது மூன்று மூன்றாகவே வருகிறது.

சங்கடம் என்னவென்றால், அந்த ஐந்து கோடி பெரிய திரையில் வந்தபோது இயக்குநர் பின்னால் நின்றிருந்தார். "அப்ப நாம எல்லாரும் தண்ணிக்குள்ளதான் உக்காந்திருக்கோமா?" என்று கேட்டார். ஆபீஸே சிரித்தது. பதினோரு வருடமாக என்னைப் பார்த்து யாரும் அங்கே சிரித்ததில்லை.

இனி அப்படி நடக்காது. நம்ப முடியாத எண் வந்தால் அதைக் காட்டாமல் விட்டுவிட ஒரு சின்ன வரி சேர்த்திருக்கிறேன். அடுத்த வாரம் படகுத்துறையில் பலகை வைக்கிறார்கள். உன் எண் இங்கே வந்து, இங்கிருந்து அந்தப் பலகைக்குப் போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

அளவு நிலையம்
அக்டோபர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். இடுப்பில் பாவாடை நாடாவைத் தளர்த்தியிருக்கிறேன் என்று சொன்னால் நம்புவாள்.

பலகையை நான் இன்னும் பார்க்கவில்லை. இங்கிருந்து துறை ஒரு கோடு மாதிரிதான் தெரியும். ஆனால் சுக்கான் மாமா வரும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுகிறார். இத்தனை காலமும் தூணில் பாசி எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் திட்டைத் தாண்டுவாராம். துறையே மிதக்கிற துறை. தண்ணீர் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும், காலுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது சிவப்பு எழுத்தில் பெரிய எண் எரிகிறது. நூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் போகலாம், குறைந்தால் நிற்க வேண்டும். பலகையைப் பார்த்துப் புறப்படுவது, வீட்டில் பெண்டாட்டியைக் கேட்டுவிட்டுப் புறப்படுகிற மாதிரி நிம்மதியாக இருக்கிறதாம். அவர் மனைவி இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

அவர் புகழ்வதெல்லாம் உன்னைத்தான். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

என் காலடியில் கிடக்கும் தண்ணீரின் அளவு முந்நூறு கிலோமீட்டர் ஓடி உன்னிடம் வந்து, திரும்ப முந்நூறு கிலோமீட்டர் ஓடி, எனக்கு எதிரே உள்ள துறைக்குப் போகிறது. மதியக் கனவில் அந்த எண்கள் ஏணியில் ஒவ்வொன்றாக இறங்கி, ஈரக்காலோடு வரிசையாகப் போவதைப் பார்த்தேன். ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டி தானாகவே அளந்து அனுப்புகிறது, இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை அளவுகோலைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கை கேட்கவில்லை.

வாலு

*

அக்டோபர் 27

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நாடா விஷயத்தைச் சொன்னேன். அம்மா சிரித்தாள், பிறகு நீ பொய் சொல்வாய் என்றும் சொன்னாள்.

சுருக்கமாக எழுதுகிறேன். எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. இன்னும் ஒன்பது துறைகளில் இதே பலகை வைக்கப் போகிறார்கள், என் புரோகிராம்தான் எல்லாவற்றுக்கும். இயக்குநர் கூட்டத்தில் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னார். ஐந்து கோடியை யாரும் இப்போது நினைவுபடுத்துவதில்லை.

நோட்டில் எழுதுவதையெல்லாம் விட்டுவிட்டு நன்றாகத் தூங்கு. இயந்திரம் எதற்கு இருக்கிறது?

அண்ணன்

*

அளவு நிலையம்
நவம்பர் 12

அண்ணா,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், அம்மாவுக்கும் இதை முதலில் சொல்.

போன வியாழன் காலை முதல் பனிமூட்டம். ஜன்னலைத் திறந்தால் கை நீட்டிய தூரத்தில் உலகம் முடிந்துவிட்டது. ஏணியின் கீழ்ப்படிகள்கூடத் தெரியவில்லை. சத்தமெல்லாம் பஞ்சில் சுற்றினாற்போல இருந்தது. அப்படிப்பட்ட நாளில் நான் அதிகம் அசையமாட்டேன், தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்தரைக்குப் படகு எஞ்சின் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. பத்தரைக்கு நான் கோலில் பார்த்தது தொண்ணூற்றாறு.

எழுந்து கத்துவதற்குள் சத்தம் மாறிவிட்டது. மணலில் மரம் இழுபடும் சத்தம், அப்புறம் ஆட்களின் குரல்.

என் சின்னத் துடுப்புப் படகை இறக்கிக்கொண்டு குரலைப் பிடித்துப் போனேன். சுக்கான் மாமாவின் படகு திட்டில் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பயணிகள் பதினொரு பேர். ஒருவருக்கும் காயம் இல்லை. நான்கு நடையில் எல்லாரையும் நிலையத்தில் ஏற்றினேன். மாமாவின் கால்தான் எஞ்சினுக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் முறிவு. தரையில் படுக்க வைத்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "முந்நூத்தி நாப்பதுன்னு போட்டிருந்துச்சும்மா. ஆத்துல வெள்ளம் வந்து தண்ணி நிக்குதுன்னு நினைச்சிட்டேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பனி விலகிய பிறகு துறைமுகப் படகு வந்து எல்லாரையும் அழைத்துப் போயிற்று. மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விசாரணை முடியும்வரை அவருடைய படகு உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எழுது அண்ணா. அன்று காலை ஏழிலிருந்து பத்தரை வரை உனக்கு என்ன எண் வந்தது?

வாலு

*

நவம்பர் 29

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாங்கள் பதறிப்போனோம். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீ தைரியமாக நடந்துகொண்டாய். இங்கே ஆபீஸிலும் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

பலகைக்கு அனுப்பிய பதிவில் ஏழு பத்திலிருந்து முந்நூற்று நாற்பதுதான் இருக்கிறது, அசையாமல். மிதவை குழாயில் சிக்கியிருக்கலாம் என்று இங்கே ஒரு பேச்சு இருக்கிறது. பாசி, கயிற்றுத் துண்டு, ஏதாவது. ஒருமுறை கழற்றிப் பார்க்கிறாயா?

குளிர் அதிகமாகிறது. கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

*

அளவு நிலையம்
டிசம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கம்பளி வந்தது. கதகதப்பாக இருக்கிறது. அம்மா இப்போது சாப்பிடுகிறாளா?

மிதவையைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. கையில் பிடித்தால் வழுக்குகிறது.

சுக்கான் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். காலில் கட்டு. தற்காலிகமாக வேறொருவர் படகு ஓட்டுகிறார், நல்ல மனிதர்தான், வாயைத் திறப்பதில்லை. மாமா அசட்டையாக ஓட்டினார் என்று ஒரு கட்சி, நிலையத்தில் கோளாறு என்று ஒரு கட்சி. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றை யாரும் பேசவில்லை.

பலகைக்கு அனுப்பியதை எழுதியிருந்தாய். நான் கேட்டது உனக்கு வந்ததை.

வாலு

*

அளவு நிலையம்
ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு படகு வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? அண்ணியாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மிதவையில் பாசி சிக்கியிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சுக்கான் மாமாவுக்கு உரிமம் திரும்பக் கிடைத்துவிடும். என்னை பிப்ரவரியோடு இங்கிருந்து மாற்றுவார்கள். எங்கே என்று தெரியாது. உள்நாட்டில் ஏதாவது பண்டகசாலையாக இருக்கும்.

அம்மாவிடம் மாற்றல் என்று மட்டும் சொல். காரணம் வேண்டாம்.

இங்கே இப்போது தினமும் பனி. எந்த நேரமும் விடிகிற நேரம் மாதிரியே இருக்கிறது. மூட்டை கட்ட ஆரம்பித்தேன், ஒரு பெட்டிகூட நிறையவில்லை. இவ்வளவுதானா நான் கொண்டுவந்தது என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

*

ஜனவரி 19

வாலு,

அம்மா, அண்ணி, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இல்லாதது நான்தான். அதனால்தான் எழுதவில்லை.

உன் மிதவையில் பாசி இல்லை. அது எனக்கு நவம்பரிலேயே தெரியும். விபத்து நடந்த மறுநாள், சாக்கெட்டில் வந்த ஒவ்வொரு பைட்டும் பதிவாகியிருக்கும் கோப்பைத் திறந்து பார்த்தேன். நீ அனுப்பிய எல்லாம் அதில் இருந்தது. பத்தரைக்குத் தொண்ணூற்றாறும் இருந்தது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான்கு பைட்டும் எப்போதும் ஒன்றாகவே வந்து சேரும் என்று நினைத்து எழுதிவிட்டேன். பெரும்பாலும் அப்படித்தான் வரும். அன்று ஏழு பத்துக்கு இரண்டு வந்தது, மீதி இரண்டு கொஞ்சம் தாமதமாக வந்தது. என் புரோகிராம் காத்திருக்கவில்லை. வந்த இரண்டையே முழு எண்ணாக எடுத்துக்கொண்டு, பிந்தி வந்த இரண்டை அடுத்த எண்ணின் தலையில் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து எந்த எண்ணுக்கும் சரியான தலையும் இல்லை, வாலும் இல்லை. எல்லாம் லட்சங்களாகவும் கோடிகளாகவும் படிக்கப்பட்டன.

அது மட்டும் நடந்திருந்தால் பலகையில் கோடி எரிந்திருக்கும். சுக்கான் மாமா சிரித்துவிட்டுத் தூணைப் பார்த்திருப்பார். ஆனால் நான் ஒரு வரி சேர்த்திருந்தேனே. நம்ப முடியாத எண் வந்தால், கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று. என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பதற்காக எழுதிய வரி அது. மூன்று மணி இருபது நிமிடம் முந்நூற்று நாற்பதைக் காட்டிக்கொண்டிருந்தது.

மிதவையைப் பார் என்று உனக்கு எழுதும்போதே இதெல்லாம் எனக்குத் தெரியும். அதன் பிறகு தினமும் ஒரே கனவு. ஆபீஸ் தரைக்குக் கீழே தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது, எல்லாரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் நாற்காலியின் கால் மணலைத் தொடுவது தெரிகிறது.

நீ கையெழுத்துப் போட்ட தாள் திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தது. உன் எழுத்தில் 'கவனிக்கவில்லை' என்ற சொல்லைப் படித்தேன். அந்தத் தாளையும் பைட் பதிவையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் முழுவதும் கேட்டார். "ரெண்டு மாசமா எங்க இருந்தீங்க?" என்றார். "இதே நாற்காலியிலதான் சார்" என்றேன்.

எல்லாப் பலகைகளையும் அன்றே அணைத்துவிட்டார்கள். என் பதவி உயர்வு போய்விட்டது, அது சரிதான். அம்மாவிடமும் அண்ணியிடமும் நானே சொன்னேன். அண்ணி எழுந்து சோறு போட்டாள். அம்மா மட்டும், உனக்கு எழுதிவிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். முதலில் அதைச் செய் என்றாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இப்போது வாய் இல்லை.

அண்ணன்

*

அளவு நிலையம்
பிப்ரவரி 8

அண்ணா,

அம்மா நலமா? நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்து மூன்று நாள் பிரிக்கவில்லை. கனமாக இருந்தது. கனமான கடிதத்தில் என்ன இருக்கும் என்று தெரியும்.

நீ சொல்லிவிட்டதால் நானும் சொல்கிறேன். அனுப்பிய எண்களுக்கு என் பெட்டியும் ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. மாமாவைக் கொண்டுபோன அன்று மதியமே பார்த்தேன். நகலிலும் தொண்ணூற்றாறு, நோட்டிலும் தொண்ணூற்றாறு. இங்கிருந்து சரியாகப் போயிருக்கிறது, பலகையில் தவறாக வந்திருக்கிறது. நடுவில் இருப்பது நீ ஒருவன்தான். உன் வாயாலேயே வரட்டும் என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டேன்? மாமாவின் படகு ஓட வேண்டும், உன் பெயரும் கெடக்கூடாது, எனக்கென்ன, எந்த மூலையில் போட்டாலும் கிடப்பேன் என்று நினைத்தேன். அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். நீ ஆயுசு முழுக்க இதை நினைத்துக்கொண்டே இருக்கட்டும் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு மாதிரி இனிப்பாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பொய் எழுதிக் கொடுத்ததற்காக எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. மாற்றல் கிடையாதாம். இந்த வேலைக்கு வேறு யாரும் வரச் சம்மதிக்கவில்லை என்று புதுப் படகுக்காரர் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது.

கோபம் இன்னும் இருக்கிறது அண்ணா. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

நீ மாமாவிடம் போனாயா?

வாலு

*

பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். கோபத்தை எழுதியது நல்லது. எதுவும் எழுதாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

போனேன். ரயிலில் ஒரு பகல் முழுக்க, அப்புறம் பஸ். உன் நிலையத்துக்கு வரவில்லை, வரத் துணிவில்லை. மாமா வீட்டு முன்னறையில், காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நான்கு பைட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவே இல்லை. அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன்.

முடித்ததும் கேட்டார், "இப்ப பலகையில என்ன காட்டுது?" என்று. அணைத்து வைத்திருக்கிறோம் என்றேன். அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார்.

"தம்பி, பலகை தனக்கு தெரியாததை தெரியலைன்னு சொன்னா நான் நின்னுக்குவேன். ஒரு மணி நேரம் நிப்பேன், ஒரு நாள் நிப்பேன். நிக்கிறதுக்கு எனக்கு வெக்கம் கிடையாது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பும்போது அவர் மனைவி என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார், வேர்க்கடலை. ரயிலில் அதைப் பிரிக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன்.

என்னைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் இந்த ஒரு புரோகிராமை மட்டும் நானே திருத்த வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்ப்பார் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். போன வருடம் வந்து சேர்ந்த பெண்தான் பார்த்தார். கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. இப்போது நான்கு பைட்டும் கைக்கு வந்து சேரும்வரை புரோகிராம் காத்திருக்கும். எண் வராவிட்டாலோ, வந்தது நம்பும்படி இல்லாவிட்டாலோ, பலகையில் மூன்று கோடுகள் மட்டும் எரியும். அந்தப் பழைய வரியை அழிக்கும்போது அந்தப் பெண்ணிடம் அது எதற்காக எழுதியது என்றும் சொன்னேன்.

மார்ச் மாதம் பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். வரலாமா?

அண்ணன்

*

அளவு நிலையம்
மார்ச் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? நீ விட்டுப்போன துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். நான் இளைக்கவில்லை என்று கண்ணால் பார்த்ததை அம்மாவிடம் சொல்.

நீ வந்த அன்று என் பக்கம் எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லவே இல்லை. இருந்த எட்டு நாளும் வேறு என்னென்னவோ பேசிவிட்டோம்.

அன்று காலையிலிருந்தே இணைப்பு அறுந்து கிடந்தது. பலகையில் மூன்று கோடுதான் இருக்கும், படகு கிளம்பாது, நீ நாளைக்குத்தான் வருவாய் என்று முடிவு கட்டிவிட்டேன். பனி வேறு. வெள்ளையாக, அசையாமல், வீட்டுச் சுவர் மாதிரி நின்றது. கொஞ்சம் கலைந்தது, பிறகு மூடிக்கொண்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் சுக்கான் மாமா தூணைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார் என்று எனக்கெப்படித் தெரியும்? கால் தேறி அவர் ஓட்டும் முதல் நடை அதுதான் என்பதும் தெரியாது.

எஞ்சின் சத்தம் வந்தது. நவம்பரில் கேட்ட அதே சத்தம். மேடைக்கு ஓடினேன். கத்த வாயைத் திறந்தபோது எஞ்சின் நின்றுவிட்டது. நங்கூரச் சங்கிலி இறங்குவது கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. தண்ணீர்கூடப் பேசவில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி இருந்தது.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து, "வாலு" என்று ஒரு குரல்.

ஒன்பது மாதமாக உன்னை எழுத்தாகவே பார்த்துவிட்டேனா, குரல் கேட்டதும் யாரோ என்று நினைத்தேன். "வாலு, மாமா கேக்கிறார், திட்டு மேல எவ்வளவு?" என்றாய். ஏணியில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்து, அளவுகோலைப் பார்த்தேன். நூற்று அறுபத்து நாலு. ஏறுகிற தண்ணீர். கத்திச் சொன்னேன்.

"கேக்கல, திரும்பச் சொல்லு" என்றாய்.

ஒன்று, ஆறு, நாலு என்று தனித்தனியாகச் சொன்னேன். நீ ஒன்று, ஆறு என்று திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்தினாய். மூன்றாவது எண் சரியாக வரவில்லை என்று அங்கிருந்தே சொன்னாய். படகில் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாய். சின்ன வயதில் வாத்தியார் சொன்னது காதில் விழாவிட்டால் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பாயே தவிர, எழுந்து கேட்கமாட்டாய். அந்த அண்ணன் பனிக்குள் நின்றுகொண்டு, "இன்னொரு தடவை, மெதுவா" என்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னதால் அந்த நாலு உனக்கு அப்போதும் கேட்கவில்லை. நீ நாலாவது தடவையும் கேட்டாய்.

இப்படிக்கு,
வாலு